அன்பே நஞ்சாகலாமா? — நாயும் நம் வீட்டு உணவும்

திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்குக் கண்டறியப்பட்ட நடுகல் ஒன்று, ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பெற்றது. பூசலில் உயிர்விட்ட வீரனொருவனின் உருவத்தோடு, அவன் வளர்த்த நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது அது என்று கல்வெட்டு கூறுகிறது. வீரனுக்குக் கல் நட்ட நாட்டில், நாய்க்கும் அக்கல்லில் இடம் தந்த பெருமை தமிழருக்கு உண்டு.

அத்தகைய நன்றியுள்ள விலங்கை நாம் எவ்வாறு பேணுகிறோம்? அடித்தும் விரட்டியும் துன்புறுத்துவோர் ஒருபுறம் இருக்கட்டும். அன்பு மிகுதியால் துன்புறுத்துவோர் மற்றொரு புறம் இருக்கின்றனர். 'நான் தின்பதை அதற்கும் கொடுத்தேன்' என்று சொல்வது அன்பின் அடையாளமாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால், நமக்கு உணவாகும் பொருள்கள் சில, நாயின் உடலுக்குள் சென்றதும் நஞ்சாகின்றன. இது ஏன்? எவை அப்பொருள்கள்? அவற்றிலிருந்து நாயைக் காப்பது எவ்வாறு? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாய் சோறுண்ணக் கற்ற கதை

நாயின் முன்னோர் ஓநாய்கள். ஓநாய் ஊனுண்ணி. அப்படியிருக்க, நம் வீட்டு நாய் சோற்றை உண்டு செரித்துவிடுகிறதே, எப்படி? இதற்கு விடை 2013-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்களால் கிடைத்தது. மாப்பொருளைச் சிதைக்கும் அமிலேசு என்னும் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு, ஓநாயின் உயிரணுவில் இரண்டு படிகளே உள்ளது. நாயிலோ அது நான்கு முதல் முப்பது படிகள் வரை பெருகியிருக்கிறது. மனிதன் பயிர்த்தொழில் செய்து, மிஞ்சிய உணவை வாசலில் போடத் தொடங்கிய பின், அதைச் செரிக்க வல்ல நாய்கள் தழைத்தன என்பது அறிஞர் கருத்து.

எனவே, நாய் நம்மோடு சேர்ந்து வாழப் பழகிய உயிர் என்பது உண்மை. ஆனால் அதன் உடல் முழுவதும் நம் உடல்போல் மாறிவிடவில்லை. மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் வந்ததே தவிர, நம் சமையலறையிலுள்ள எல்லாப் பொருள்களையும் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் அதன் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வரவில்லை. மேலும், நம் நாவில் ஏறத்தாழ 9,000 சுவை மொட்டுகள் இருக்க, நாயின் நாவில் உள்ளவை சுமார் 1,700 மட்டுமே. சுவைத்துப் பார்த்து ஒதுக்குவது அதன் வழக்கமன்று. முகர்ந்தவுடன் விழுங்குவதே வழக்கம். ஆதலால், எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று பகுத்தறிந்து தரும் பொறுப்பு நம்முடையதாகிறது.

அளவே நஞ்சு

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சசு என்னும் மருத்துவ அறிஞர், ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவே என்று விளக்கினார். நாயின் உணவைப் பற்றி எண்ணும்போது இக்கருத்தை மறத்தலாகாது. அறுபது கிலோ எடையுள்ள மனிதனுக்கு ஒரு கவளம் என்பது வேறு. ஆறு கிலோ எடையுள்ள பொமரேனியன் நாய்க்கு அதே கவளம் என்பது வேறு. நம் இராஜபாளையம் நாய் இருபத்தைந்து கிலோ எடை இருக்கக்கூடும். அது தாங்கும் அளவைப் பொமரேனியன் தாங்காது. குட்டிகளும் நோயுற்ற நாய்களும் அதனினும் குறைவாகவே தாங்கும். ஆகவே, கீழே கூறப்படும் ஒவ்வொரு பொருளையும் நாயின் எடையோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

சாக்லெட்டும் காப்பியும்

சாக்லெட் செய்யப்படும் கொக்கோ மரத்திற்கு, 1753-ஆம் ஆண்டு லின்னேயசு 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். 'கடவுளரின் உணவு' என்பது அதன் பொருள். அம்மரத்தின் விதையிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளே நாய்க்கு எமனாகிறது. இது காப்பியிலுள்ள காபீனின் உறவு. இரண்டும் நரம்பையும் இதயத்தையும் தூண்டுபவை. நம் கல்லீரல் தியோபுரோமினை விரைவில் சிதைத்துவிடுகிறது. நாயின் உடலிலோ, உட்சென்ற அளவில் பாதி குறைவதற்கே ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் ஆகிறது. அதுவரை இதயம் ஓய்வின்றித் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் சென்றால் வாந்தி, பேதி, அமைதியின்மை, மிகுந்த தாகம் ஆகியவை தோன்றும். 40 முதல் 50 மில்லிகிராம் ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். 60 மில்லிகிராமை எட்டினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். பால் சாக்லெட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராமும், கறுப்புச் சாக்லெட்டில் 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும், கொக்கோத் தூளில் 20 மில்லிகிராமுக்கு மேலும் தியோபுரோமின் உள்ளது. இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு கிலோ நாய்க்கு 120 மில்லிகிராம் என்பது துன்பம் தொடங்கும் அளவு. அது 60 கிராம் பால் சாக்லெட்டிலும், 24 கிராம் கறுப்புச் சாக்லெட்டிலும், 6 கிராம் கொக்கோத் தூளிலும் அடங்கிவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டித் தூள் போதும் என்று பொருள்! பிறந்தநாள் 'கேக்'கை நாய்க்கு ஊட்டிப் படமெடுத்துக்கொள்வோர் இக்கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும்.

காப்பித்தூள், வடிகட்டியபின் எறியும் காப்பிச் சக்கை, தேயிலைச் சக்கை ஆகியவையும் இவ்வாறே தீங்கு செய்யும். குப்பைக்கூடையை மூடி வைத்தால் பாதி ஆபத்து நீங்கும்.

வெங்காயமும் பூண்டும்

நம் நாட்டுச் சமையலில் வெங்காயம் இல்லாத குழம்பைக் காண்பது அரிது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. அவ்வணுக்களில் ஆக்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சிதைந்து, சிறு சிறு கட்டிகளாக அணுவின் ஓரத்தில் படிகிறது. 1890-ஆம் ஆண்டு இதை விளக்கிய செருமானிய மருத்துவர் ஹெயின்சின் பெயரால் இவை 'ஹெயின்சு திரள்கள்' எனப்படுகின்றன. இவ்வாறு பழுதடைந்த அணுக்களை மண்ணீரல் அழித்துவிடும். சில தாமே உடையும். விளைவு இரத்தச்சோகை.

இந்நஞ்சின் கொடுமை யாதெனில், அது உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உண்ட அன்று நாய் ஓடியாடும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்கள் சென்றபின்பே ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் செம்மையாகவோ பழுப்பாகவோ போகும். அதற்குள், என்றோ போட்ட குழம்புச் சோற்றை நாம் மறந்திருப்போம். 'என்ன நோயோ தெரியவில்லை' என்று வருந்துவோம்.

ஒரே வேளையில் உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குக்கு மேல் வெங்காயம் உண்ட நாய்களிடம் இந்நோய் காணப்படுகிறது. ஆறு கிலோ நாய்க்கு அது 30 கிராம். அதாவது நான்கைந்து சின்ன வெங்காயம். பூண்டு இதனினும் வீரியமிக்கது. வேகவைத்தாலும், வதக்கினாலும், காயவைத்துப் பொடியாக்கினாலும் நஞ்சு நீங்குவதில்லை. வெங்காயத்தை எடுத்தெறிந்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுவதும் பயனற்றதே. சாறு குழம்பில் கலந்திருக்கும் அன்றோ!

திராட்சையும் புளியும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விலங்கு மருத்துவர்கள் ஒரு புதிரைச் சந்தித்தனர். திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற நாய்கள் சில, முதல் நாளிலேயே வாந்தி எடுத்தன. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. வேறு சில நாய்களோ அதே பழத்தைத் தின்று ஒரு தீங்குமின்றி இருந்தன. 2001-ஆம் ஆண்டு அந்நாட்டுக் கால்நடை மருத்துவ இதழில் இச்செய்தி வெளியாயிற்று. பூச்சிமருந்தா, பூஞ்சையா, வேறு ஏதேனுமா என்று தேடியும் காரணம் இருபது ஆண்டுகள் அகப்படவில்லை.

துப்புக் கிடைத்தது ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து. குழந்தைகள் பிசைந்து விளையாட வீட்டிலேயே செய்த மாவை ஒரு நாய் தின்றுவிட்டது. அதற்கும் திராட்சை தின்ற நாய்க்கு வந்த அதே சிறுநீரக நோய் வந்தது. அம்மாவில் சேர்க்கப்பட்டிருந்தது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் மிகுந்துள்ளதும் டார்டாரிக் அமிலமே! பழத்தின் வகைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் அளவு மாறுவதால், சில நாய்கள் தப்பியமைக்கும் விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2021-இல் இக்கருத்தை வெளியிட்டனர். அதன்பின் நடந்த ஆய்வுகள், மனிதச் சிறுநீரக அணு இவ்வமிலத்தை வெளியேற்றப் பயன்படும் ஒருவகைப் புரதம் நாயின் அணுவில் இல்லாமையே கேட்டுக்குக் காரணமாகலாம் என்று காட்டுகின்றன.

இச்செய்தி நமக்கு ஏன் முதன்மையானது? டார்டாரிக் அமிலம் மிகுந்த மற்றொரு பொருள் நம் புளி! புளியின் சதைப்பற்றில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை இவ்வமிலம் உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதுற்றதை மேற்கண்ட மருத்துவர்களே பின்னர் பதிவு செய்துள்ளனர். திராட்சை மேலைநாட்டாரின் கவலையாக இருக்கலாம். புளியோ நம் வீட்டுப் பானையில் இருக்கிறது.

'எங்கள் வீட்டு நாய் பத்தாண்டுகளாக ரசஞ்சோறு தின்கிறது. ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. நீர்த்த ரசத்தில் அமிலத்தின் அளவு குறைவு. சோற்றோடு கலக்கும்போது இன்னும் குறைகிறது. சிறிதளவு வெங்காயத்தால் அழியும் சிவப்பணுக்களையும் எலும்பு மச்சை புதிதாக ஈடு செய்துவிடும். அதனால் நாய் தாங்கிக்கொள்கிறது. தாங்கிக்கொள்வதாலேயே அது நல்ல உணவாகிவிடாது. கெட்டியான புளிக்காய்ச்சலையோ, காய வைத்த புளி உருண்டையையோ, பாயசத்திலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி உலர்திராட்சையையோ நாய் விழுங்கிவிட்டால், 'பழக்கப்பட்ட நாய்' என்று வாளாவிருத்தல் கூடாது. திராட்சைக்கும் புளிக்கும் 'இவ்வளவு வரை தீங்கில்லை' என்று உறுதியாகக் கூறத்தக்க எல்லை இல்லை. ஆதலின் முற்றும் தவிர்ப்பதே அறிவுடைமை.

சர்க்கரையற்ற இனிப்பு

நீரிழிவு உள்ளோர்க்காகவும் பற்களின் நலத்துக்காகவும் சர்க்கரைக்கு மாற்றாகச் சைலிட்டால் என்னும் பொருளைச் சில உணவுகளில் சேர்க்கின்றனர். சர்க்கரையற்ற 'சூயிங்கம்', சில பற்பசைகள், சில வகை நிலக்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் இது உண்டு. பொட்டலத்தில் 'இ-967' என்ற குறியீடும் காணப்படலாம். மனித உடலில் இது இன்சுலினைப் பெரிதும் தூண்டுவதில்லை. நாயின் கணையமோ இதைச் சர்க்கரை என்றே எண்ணி, இன்சுலினை வெள்ளமெனப் பாய்ச்சிவிடுகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்து நாய் தள்ளாடும், விழும், வலிப்புறும். சில வேளைகளில் இது பன்னிரண்டு மணி நேரம் வரை தாமதமாகவும் தோன்றும்.

கிலோ எடைக்கு 0.1 கிராம் சைலிட்டால் போதும், சர்க்கரை வீழ. 0.5 கிராமுக்கு மேற்பட்டால் கல்லீரலே அழியலாம். சில வகைச் சூயிங்கத்தில் ஒரு துண்டிலேயே ஒரு கிராம் வரை சைலிட்டால் இருப்பதால், சிறு நாய்க்கு ஒரு துண்டே ஆபத்தாகும்.

இங்கே ஒன்று நினைக்கத்தக்கது. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை 1889-இல் மெரிங், மிங்கோவ்சுகி ஆகிய இருவரும் கண்டது நாயின் மீது செய்த சோதனையால். 1921-இல் தொராண்டோவில் பாண்டிங்கும் பெசுட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களைக் கொண்டே. நீரிழிவாளர் கோடிக்கணக்கானோர் உயிர் வாழ நாய் தன் உயிரை ஈந்தது. அந்நோயாளருக்கென்று செய்த இனிப்பால் நாய் இறப்பது எவ்வளவு கொடிய முரண்!

எலும்பு, கொழுப்பு, உப்பு

நாய் என்றாலே எலும்பு என்பது நம் எண்ணம். ஆனால் வெந்த எலும்பு நொறுங்கிக் கூரிய சில்லாகி, தொண்டையையும் குடலையும் கிழிக்கும். திருமண விருந்து முடிந்தபின் பிரியாணி எலும்பை நாய்க்கு எறிவது இரக்கமன்று. கறியில் கழித்த கொழுப்பும் எண்ணெய்ப் பண்டமும் கணைய அழற்சியை உண்டாக்கவல்லவை. ஊறுகாயும் கருவாடும் உப்பு மிகுந்தவை. மாங்கொட்டை குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை செய்தே எடுக்க நேரும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. உயிருக்குத் தீங்கில்லாவிடினும் பேதியாகும். மதுவகைகளை விளையாட்டாகப் புகட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை, அது குற்றமேயாகும்.

பூஞ்சை படிந்த தானியம்

கெட்டுப்போனதை 'நாய்க்குப் போடு' என்று சொல்வது நம்மிடையே வழக்கமாக உள்ளது. இது எவ்வளவு தவறு என்பதை 1974-ஆம் ஆண்டு நிகழ்ந்த துயரம் உணர்த்தும். இராசத்தான், குசராத் மாநிலங்களின் எல்லையோரச் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூஞ்சை படிந்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்கள் மஞ்சட்காமாலையாலும் வயிற்றில் நீர் கோத்தும் துன்புற்றனர். நூறு பேருக்கு மேல் மாண்டனர். பூஞ்சையில் விளையும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே காரணம் என ஆய்வில் தெளிவாயிற்று. அவ்வீடுகளில் அதே உணவை உண்ட நாய்களும் அதே நோயால் இறந்தன. மனிதர் தின்னத் தகாதது நாய் தின்னவும் தகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பூசணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம், ரொட்டி ஆகியவற்றைப் புதைத்துவிடுவதே நன்று.

நஞ்சுண்ட நாய்க்குச் செய்ய வேண்டுவன

நாய் தகாத பொருளைத் தின்றுவிட்டது என்று அறிந்தவுடன், நோய்க்குறி தோன்றும் வரை காத்திருத்தல் கூடாது. எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்ற நான்கையும் குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்ல வேண்டும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் சென்றால், மருத்துவர் மருந்து கொடுத்து வாந்தி எடுக்கச் செய்து பெரும்பகுதி நஞ்சை வெளியேற்ற இயலும். காலம் கடந்தால், நரம்பு வழியே நீர் ஏற்றியும், இரத்தம் செலுத்தியும் போராட நேரிடும்.

வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்பு நீரைப் புகட்டுவோர் உளர். கிலோ எடைக்கு 2 கிராம் உப்பே நாய்க்கு நஞ்சாகும். ஒரு நஞ்சை எடுக்க மற்றொரு நஞ்சைக் கொடுத்தது போலாகும். புளிக்கரைசல் கொடுப்பதன் தீமையை மேலே கண்டோம். எண்ணெயும் வேண்டா, அது மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றலாகாது. சைலிட்டால் தின்று தள்ளாடும் நாய்க்கு மட்டும், மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் ஈறில் சிறிது தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவலாம்.

நம் நாட்டில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், மாவட்டந்தோறும் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைகளும் உள்ளன. பக்கத்து மருத்துவமனை எங்கே உள்ளது என்பதை நாய் வளர்ப்போர் முன்கூட்டியே அறிந்து வைத்திருத்தல் நலம்.

என்ன கொடுக்கலாம்?

இவ்வளவையும் படித்தபின், 'அப்படியானால் நாய்க்கு எதைத்தான் போடுவது?' என்ற கேள்வி எழும். விடை எளிது. தாளிக்குமுன், புளி விடுமுன், வெங்காயம் சேர்க்குமுன் எடுத்து வைத்தால் போதும். குழைய வெந்த சோறு, உப்பும் மசாலாவுமின்றி வேகவைத்த எலும்பில்லாத கறி அல்லது முட்டை, வெந்த காரட், பூசணி ஆகியவை ஏற்றவை. வெறுஞ்சோறு மட்டும் போட்டால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதா. தயிரைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்து, வயிறு ஏற்றால் தொடரலாம். இதற்குத் தனிச் செலவோ தனி அடுப்போ தேவையில்லை. சமைப்பவர் ஒரு கரண்டி முன்னதாகவே எடுத்து வைக்கும் கவனம்தான் தேவை.

முடிவுரை

கல்லூரி விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் மாணவ நண்பர்கள் நாய்களுக்கு உணவிடுவதை நாம் காண்கிறோம். அந்த ஈர நெஞ்சம் போற்றத்தக்கது. ஆனால் அறிவோடு சேராத அன்பு, கண்ணைக் கட்டிக்கொண்டு தேரோட்டுவது போன்றது. தன்முன் வைக்கப்பட்டதை ஐயமின்றி உண்பது நாயின் இயல்பு. நம்மீது அது கொண்ட நம்பிக்கையின் அளவு அது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவர்களாய், அதன் தட்டில் வைப்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்து வைப்போமாக!